கூட்டி வகுத்த எடை

கண்ணைத் திறப்பதற்கு முன்னாலேயே மெட்டில்டாவுக்கு அது ஞாபகம் வந்துவிட்டது. இன்றைக்கு ஒத்தையாகத்தான் ஏறி நிற்க வேண்டும். சனிக்கிழமை. ஏழு மணிக்குப் போனில் எல்லாரும் வந்துவிடுவார்கள், கட்டம் கட்டமாக, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு முகம், முகத்துக்குப் பின்னால் ஒரு பிரிட்ஜோ காலண்டரோ காயப்போட்ட துணியோ. அதற்குள் எடை பார்த்திருக்க வேண்டும். கட்டிலிலிருந்து காலைத் தொங்கப்போட்டு, இரண்டு உள்ளங்கையாலும் முழங்கால்களைப் பொத்தி, கொஞ்சம் சூடு ஏறும்வரை உட்கார்ந்திருந்தாள். காலையில் அவை அவளுடைய கால்கள் மாதிரியே இருப்பதில்லை, யாரோ ராத்திரி வந்து மாட்டிவிட்டுப் போன மாதிரி இருக்கும். மாதா சுரூபத்துக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலி. முழங்காலில் நின்று ஜெபித்துப் பல வருஷம் ஆகிறது. நாற்காலியில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்வது கடவுளுக்கு முன்னால் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்த மாதிரி இன்னமும் கூச்சமாக இருக்கிறது. சனிக்கிழமைக்குச் சந்தோஷ தேவ ரகசியம். முதல் ரகசியம் ஓடிவிட்டது. இரண்டாவது, மாதா எலிசபெத்தம்மாளைப் பார்க்க மலைநாட்டுக்குப் போனது. வழக்கமாக அந்த இடத்தில் அவளுக்கு இரண்டு பொம்பளைகள் வயிறும் உடம்புமாக வாசலிலேயே கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பதுதான் தெரியும், இன்றைக்கும் தெரிந்தது, ஆனால் அவர்கள் நின்றது வாசலில் இல்லை, மூட்டை நிறுக்கிற தராசின் மேல். மணி விரலில் நின்றுபோனது. எத்தனை சொன்னோம் என்று தெரியவில்லை. திரும்ப முதலிலிருந்து. திரும்பவும் அதே தராசு, அதே இரண்டு பொம்பளைகள், ஒருத்தி அவள், ஒருத்தி ஜெனோவா அக்கா. கூடப் பிறந்தவள், அடுத்த தெருக்காரி. போய் ஒரு மாதம். வியாழக்கிழமை முப்பதாம் நாள் பூசையும் முடிந்துவிட்டது, கோயிலில் சாமியாரும் உபதேசியாரும் ஐந்தாறு பேரும், மீதிப்பேர் போனில். "அம்மா, பூசை கேக்குதா, கேக்குதா" என்று மஸ்கட்டிலிருந்து மகன் ரெக்ஸன் கேட்டுக்கொண்டேயிருந்தான். கேட்கத்தான் செய்தது. அக்கா பெயரைச் சாமியார் சொன்ன இடத்தில்தான் லைன் கட்டானது.

போகாமல் இருந்துவிடலாம். ஒரு மாதமாகப் போகவில்லையே, யார் என்ன சொன்னார்கள். எடைக் குழு நடத்துகிற சுகிர்தா மிஸ்தான் பூசை முடிந்த மறுநாள் வாய்ஸ் அனுப்பியிருந்தாள், "மெட்டில்டாம்மா, எப்ப மனசு வருதோ அப்ப வாங்க, ஆனா வாங்க. உங்களுக்குன்னு ஒரு புது ஜோடி பார்த்து வச்சிருக்கேன்." புது ஜோடி. செருப்புக் கடையில் சொல்கிற மாதிரி. அந்தப் பிள்ளை மனசில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை. ஆனால் போகாவிட்டால் என்ன ஆகும் என்பதும் மெட்டில்டாவுக்குத் தெரியும். கூட ஆள் இல்லாமல் அவள் ஒரு வாரம்கூட வாயைக் கட்ட மாட்டாள், முழங்கால் இன்னும் தேயும், தேய்ந்தால் ஆபரேஷன். எலும்பு டாக்டர் பொங்கலுக்குப் பிறகு படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, "அம்மா, ஒரு பத்து கிலோ இறக்குங்க, இந்த மூட்டை இப்படியே ஓட்டிரலாம். இல்லேன்னா பிளேட்டு வைக்கணும்" என்று சொன்னார். அப்போது ஆஸ்பத்திரி என்றால் ஆரஞ்சுப் பழமும் பார்க்க வருகிற சொந்தக்காரர்களும்தான். இப்போது ஆஸ்பத்திரி என்றால் ஒரு வெள்ளை வண்டியின் பின்கதவு. அக்கா அதில் ஏறும்போது திரும்பிப் பார்த்தாளா? பார்த்தாள் என்று ஒரு நாள் தோன்றுகிறது, பார்க்கவில்லை என்று ஒரு நாள். முகத்தில் மாஸ்க், மூக்கும் வாயும் இல்லாத முகம், கண் மட்டும். கண் மட்டும் திரும்பினால் அதைப் பார்த்ததாக எடுத்துக்கொள்ளலாமா. வேண்டாம். அடுப்படிக்குப் போனாள். காப்பித்தூள் டப்பாவைத் திறந்து மூக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். மணக்கிறது. தினமும் காலையில் இதுதான் இப்போது முதல் வேலை. மணக்கிற அன்றைக்கெல்லாம் இயேசுவே ஸ்தோத்திரம்.

அந்தக் குழுவுக்குப் பேர் 'லேசாகுவோம்'. பேரைக் கேட்டதும் அக்கா சிரித்த சிரிப்பு இருக்கிறதே, "ஏட்டி, நாமல்லாம் லேசானா ஊருக்குள்ள காத்து எப்படிட்டி நிக்கும்?" என்று. சேர்த்துவிட்டவளும் அவள்தான். "உனக்கு முழங்கால், எனக்குச் சக்கரை, ரெண்டு நோயும் சேர்ந்து போவோம், வா." மருந்துக் கடைக்கு மேலே ஒரு ஹால், பாய் விரித்து உடற்பயிற்சி, மாதம் முழுக்க என்ன சாப்பிட வேண்டும் என்று ஒரு தாள். முதல் நாள் எடை பார்க்கும்போது சுகிர்தா மிஸ் நல்ல பிள்ளை, யாருக்கும் கேட்காமல் காதுக்குள்தான் சொன்னாள். மெட்டில்டாவுக்கு எண்பத்தி நாலு. அக்கா இறங்கி வந்து இவள் காதுக்குள், "தொண்ணூத்தி ஒண்ணுட்டி. வெளிய சொன்ன, கொன்னுருவேன்" என்றாள். இரண்டு வாரம் போயிருப்பார்கள். அப்புறம் உலகத்தைப் பூட்டியாகிவிட்டது. ஹாலும் பூட்டு. எல்லாம் இனிமேல் போனில்தான் என்றார்கள். கோயம்புத்தூரிலிருந்து மகள் ஷெரின் மணிக்கணக்காகச் சொல்லிக்கொடுத்தாள், "அம்மா, அந்தப் பச்சையை அமுக்கு. பச்சை. அது நீலம். ஐயோ, கட் பண்ணிட்ட." போன் ஒருவழியாகப் பழகிவிட்டது. எடைக்கு என்ன செய்வது? வீட்டில் எடை மெஷின் கிடையாது, வாங்கக் கடை கிடையாது. இருந்ததெல்லாம் வீட்டு முகப்பில் அவள் புருஷன் கஸ்பாரின் பலசரக்குக் கடை, அதில் அரிசி மூட்டை நிறுக்கிற பெரிய தராசு, இரும்புப் பலகையும் கம்பத்தின் தலையில் சிவப்பு எழுத்துப் பெட்டியுமாக. பின்வாசல் வழியாக அக்கா வருவாள், தலையில் முந்தானை, மூக்கில் துணி, திருட வந்தவள் மாதிரி. முதல் சனிக்கிழமை மெட்டில்டா தராசுக்கு முன்னால் நின்றுகொண்டு ஏற மாட்டேன் என்றுவிட்டாள். கஸ்பார் பார்ப்பார், முப்பது வருஷமாக மூட்டை நிறுத்த மனுஷன், நம்பரைப் பார்த்ததும் என்ன விலை போகும் என்று மனசுக்குள் ஓடாதா. அக்காவுக்கும் ஏற மனசில்லை. இரண்டு பேரும் மாற்றி மாற்றி நீ ஏறு நீ ஏறு என்று கல்யாண வீட்டுப் பந்தியில் இலைக்கு முன்னால் நிற்கிற மாதிரி நின்றார்கள். கடைசியில் அக்கா இவள் கையைப் பிடித்து ஒரே இழுப்பு, இரண்டு பேரும் சேர்ந்து பலகை மேல் நின்றார்கள். நூற்றி எழுபத்தைந்து. "பாதிக்குப் பாதி போட்டுக்கிடுவோம்ட்டி. ஆளுக்கு எண்பத்தி ஏழரை. எனக்கு லாபம், உனக்கு நட்டம், அக்காவுக்காகத் தாங்கிக்க."

சுகிர்தா மிஸ் திட்டுவாள் என்று பயந்தார்கள். அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். அடுத்த வாரம் கோவில்பட்டி அம்மாவும் அவள் மருமகளும் நாங்களும் கூட்டித்தான் சொல்லுவோம் என்றார்கள். அடுத்து இரண்டு டீச்சர்கள், வேறு வேறு ஊர், வேறு வேறு மெஷின், போனில் பேசிவைத்துக் கூட்டிக்கொண்டார்கள். கூட்டிச் சொன்னால் யாருக்கும் வெட்கமில்லை. மிஸ் அதை வகுத்து ஆளுக்குப் பாதியாகப் பதிந்துவைப்பாள். அந்த நாட்களில் குழுவில் யாருக்குமே இறங்கவில்லை. எப்படி இறங்கும். வீட்டில் எல்லாரும் எந்நேரமும் இருக்கிறார்கள், எந்நேரமும் பசிக்கிறது, பசிக்காதபோதும் பயமாக இருக்கிறது, பயத்துக்கு வறுத்ததும் பொரித்ததும்தான் மருந்து. டீச்சர் ஒருத்தி போனிலேயே அழுதாள், "மிஸ், மூணு மணிக்கு நியூஸ் பார்ப்பேன், நாலு மணிக்குப் பஜ்ஜி போடுவேன், என்னால முடியலை." அப்போது ஜோடிகளில் இறங்கிய ஒரே ஜோடி இவர்கள்தான். நூற்றி எழுபத்தி நாலு, எழுபத்தி மூன்று, கொஞ்ச நாள் நின்று, எழுபது. கடைசியாக நின்ற சனிக்கிழமை நூற்றி அறுபத்தெட்டு. ஏழு கிலோ. ஆளுக்கு மூன்றரை. கட்டத்துக்குள் எல்லாரும் கை தட்டினார்கள், மைக் அணைத்திருந்ததால் சத்தமில்லாமல், மீன்கள் வாயைத் திறந்து மூடுவது மாதிரி. மெட்டில்டாவும் தலையைக் குனிந்து அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டாள். அவளுக்கு நியாயமாகத்தான் பட்டது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு வேளைச் சாப்பாட்டோடு ஒருசந்தி இருந்தாளே. ஆண்டவருக்காக இருந்த ஒருசந்திதான், மறுநாள் தராசுக்கும் ஆகட்டுமே என்று நினைத்ததும் உண்மைதான், அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாம் என்றால் கோயிலும் பூட்டியிருந்தது. மீதி ஆறு நாளும்? ராத்திரி கஸ்பாருக்குத் துணைக்கு ஒரு கரண்டி சோறு. தனியாகச் சாப்பிட்டால் அவருக்கு இறங்காது. நாலு மணிக்கு டீயில் நனைத்த ரஸ்க். மக்ரூன் டப்பா, மகளுக்கு அனுப்ப வாங்கியது, கொரியர் ஓடவில்லையே, கெட்டுப் போகும் முன்னால் ஒவ்வொன்றாக. ஒவ்வொன்றும் காற்று மாதிரி, வாயில் போட்டால் இல்லை. இல்லாததற்கு என்ன எடை.

ஜாக்கெட் விஷயத்தில்தான் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு வீட்டுப் பொம்பளைகளுக்கும் தைக்கிறவள் அவள்தானே. தராசில் ஏற ஆரம்பித்த புதிதில் அக்கா ஒரு நீல ஜாக்கெட்டைக் கொண்டுவந்து, "ஏட்டி, பக்கம் தொளதொளங்குது, ஒரு தையல் உள்ள பிடி" என்றாள். பிடித்தாள். வைகாசியில் இன்னொன்று. "இன்னும் ஒரு தையல்." வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டு, "துணி நைஞ்சு போச்சுக்கா, அதான்" என்று இவளே சொன்னாள். அக்கா சிரித்துக்கொண்டு சரி சரி என்றாள். தன்னுடைய ஜாக்கெட்டில் ஒரு தையலும் பிடிக்க வேண்டி வரவில்லை என்பது அவளுக்குத் தெரியாதா என்ன, தெரியும், ஆனால் தெரிந்ததை அவள் நூல்கண்டு டப்பாவுக்குள் போட்டு மூடியிருந்தாள். மூன்றாவதாக ஒரு ஜாக்கெட், சந்தனக் கலர், தையல் மிஷின் மேலேயே இருக்கிறது. ஊசி நிற்கிற இடத்தில் நிற்கிறது. ஆவணியில் அக்காவுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டர் பையன் போனில், "பேஷண்டுக்குச் சக்கரை, உடம்பும் பெருசு, அதான் நுரையீரல் தாங்கலை" என்று சொன்னான். உடம்பும் பெருசு. உள்ளங்கையில் முள் மாதிரி அந்த வார்த்தை குத்தியேயிருக்கிறது. அவளை ஒரு பையில் வைத்துக் கட்டிக் கொண்டுவந்தார்கள், கல்லறைத் தோட்டத்து வாசலில் தூரத்தில் நிற்கச் சொன்னார்கள். பை சின்னதாகத் தெரிந்தது. தூரத்தில் நின்றதால் அப்படித் தெரிந்தது என்று அன்றைக்கு நினைத்தாள். என்ன ஜாக்கெட் போட்டிருந்தாளோ. எந்தத் தையலோ.

கடைக்குள் போகிற கதவைத் தள்ளினாள். கஸ்பார் ஷட்டரை இடுப்பளவுக்கு ஏற்றிவிட்டு, வெங்காயச் சாக்கைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் தராசு மேலிருந்த சர்க்கரை மூட்டையைத் தள்ளி இறக்கினார். பலகையைத் தோள் துண்டால் துடைத்தார். வெங்காயத் தோல், அரிசித் தூசி. கோயிலில் பூசை மேடையைத் துடைப்பது மாதிரி ஓரமெல்லாம் துடைத்தார். "ஏறுதியா?" "ம்." "நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிடட்டா?" முப்பது வருஷத்தில் அந்த மனுஷன் கேட்டதிலேயே நல்ல கேள்வி அது என்று மெட்டில்டாவுக்குத் தோன்றியது. "வேண்டாம், பாருங்க. பார்த்தா என்ன." செருப்பைக் கழற்றினாள். வலது கால் முதலில், கம்பத்தைப் பிடித்துக்கொண்டு. பிடிக்கக் கூடாது, பிடித்தால் எடை தப்பும். கையை எடுத்தாள். பலகை பெரிதாக இருந்தது. அவள் தன்னையறியாமல் ஓரத்தில் நின்றிருந்தாள், இடது பக்கம் ஒரு ஆளுக்கு இடம் விட்டு. சிவப்பு எழுத்து ஓடியது, தயங்கியது, பின்னால் போனது, நின்றது. எண்பத்தி நாலு.

முதலில் அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. எண்பத்தி நாலு தெரிந்த நம்பர், காதுக்குள் கேட்ட நம்பர். அதுதானே அவளுடைய எடை. அப்புறம்தான், அதுதானே என்ற வார்த்தையிலேயே கால் இடறியது. அது பங்குனியில் அவளுடைய எடை. நடுவில் மூன்றரை இறங்கினாளே. இந்த ஒரு மாதத்தில் ஏறியிருக்கலாம் அல்லவா? அழுத ஒரு மாதம், சோறு பாதி, நடமாட்டமும் பாதி, இதில் ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. ரஸ்க் இல்லை, மக்ரூன் இல்லை, நேற்றும் ஒருசந்திதான். அப்படியானால் இறங்கவேயில்லை. ஒரு கிராம்கூட இறங்காதவள் எண்பத்தி நாலோடு ஒவ்வொரு சனிக்கிழமையும் இந்தப் பலகையில் ஏறி நின்றிருக்கிறாள், நூற்றி அறுபத்தெட்டு அன்றைக்கும். நூற்றி அறுபத்தெட்டில் எண்பத்தி நாலு போனால். பலசரக்குக் கடைக்காரன் பெண்டாட்டி, கணக்கு வராதா. எண்பத்தி நாலு. ஏழு கிலோவும் அக்காவுடையது. தொண்ணூற்றி ஒன்றிலிருந்து அக்கா ஒருத்தியாக ஏழு கிலோவை இறக்கிவிட்டு, வா என்று இவள் கையைப் பிடித்து ஏற்றி, பாதியை இவள் பேரில் எழுதவிட்டுச் சும்மா நின்றிருக்கிறாள். பொய்யாக வகுத்த வகுத்தல் அந்தக் கடைசி சனிக்கிழமை நிஜமாகவே பாதிக்குப் பாதியாக இருந்திருக்கிறது. இரண்டு பேரும் ஒரே எடை. சின்ன வயசில்கூட அப்படி இருந்ததில்லை. உடனே அடுத்த நினைப்பு, அதற்குள்ளிருந்தே பாம்பு மாதிரி. இறக்கினாளா, இறங்கிப் போனதா? சக்கரைக்காரிக்கு உடம்பு தானாக உருகும் என்பார்களே. ஆடியில் ஒரு நாள் "வாய்க்கு ஒண்ணும் விளங்கலைட்டி, ருசியே இல்ல" என்றாளே, அதற்குப் பெயர் என்ன? தையலைப் பிடிக்கப் பிடிக்க நோய்தான் அவளைத் தின்றுகொண்டிருந்ததா, நாங்கள் அதற்குத்தான் கை தட்டினோமா? நான் வாயில் ஊசியோடு துணியைக் குறை சொன்னேனே. மாதாவே. சிவப்பு எழுத்து அப்படியே நின்றது. அவளுக்கு இறங்கத் தெரியவில்லை.

"என்னட்டி, அப்படியே நிக்க? எழுத்து நின்னு போச்சா?" என்றார் கஸ்பார். அவள் திரும்பவில்லை. "அக்காதாங்க எல்லாத்தையும் குறைச்சிருக்கா. நான் ஒண்ணுமே குறைக்கலை." அவர் ஒரு வெங்காயத்தைக் கையில் எடுத்து உருட்டினார். "தெரியும்" என்றார். "என்ன தெரியும்?" "மதினி நடந்தது தெரியும். பால் வண்டி வரும்லா, விடியமுன்ன, நான் ஷட்டரைத் தூக்குவேன், அவுக மொட்டைமாடியில போய்க்கிட்டே இருப்பாவ. வெள்ளைத் துண்டு மட்டும் தெரியும், இங்கிட்டும் அங்கிட்டும். நீ அப்ப செபமாலையில இருப்ப. மழைன்னாலும் குடையைப் பிடிச்சிட்டு நடப்பாவ. ஒருநாள் கேட்டேன், என்ன மதினி, ராத்திரியே ஆரம்பிச்சிட்டியளான்னு." "அதுக்கு?" "சிரிச்சாவ. 'மெட்டிக்கு முழங்கால் ஆவாது, தம்பி. அவ பங்கையும் சேர்த்து நானே நடந்திருதேன். கூட்டித்தானே சொல்லுதோம், யார் நடந்தா என்ன. அவகிட்டச் சொல்லிராதிய, ரோசக்காரி, படி ஏறிருவா'ன்னாவ." கஸ்பார் வெங்காயத்தைச் சாக்கில் போட்டார். "சொல்லாதேன்னதால சொல்லலை. இப்ப அவுக இல்ல. சொல்லலாம்னு நெனைச்சேன்." மெட்டில்டாவுக்கு அழுகை வரும் என்று அவளே எதிர்பார்த்தாள். வந்தது வேறொன்று. குடையைப் பிடித்துக்கொண்டு. என் பங்கையும். அப்போது அது நோய் இல்லை. அந்த உடம்பு உருகவில்லை, அவள் நடந்து நடந்து இறக்கியது. ஆடியில் வாய்க்கு விளங்காதது வேறாக இருக்கலாம், இருக்கட்டும், அதை ஆண்டவர் பார்த்துக்கொள்ளட்டும். 'உடம்பும் பெருசு' என்று சொன்ன அந்த டாக்டர் பையனிடம் போய், தம்பி, அவள் ஏழு கிலோ இறக்கியிருந்தாள் தெரியுமா, ஒத்தை ஆளாக, எனக்கும் சேர்த்து என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும். மணி ஏழாகப் போகிறது. இறங்கினாள்.

போனைச் சர்க்கரை மூட்டை மேல் சாய்த்துவைத்துப் பச்சையை அமுக்கினாள். கட்டங்கள் ஒவ்வொன்றாக விழித்தன. கோவில்பட்டி அம்மா, டீச்சர்கள், யாரோ ஒருத்தி வீட்டில் குக்கர் விசில். "மெட்டில்டாம்மா வந்துட்டாங்க" என்று சுகிர்தா மிஸ் எழுந்தே நின்றுவிட்டாள். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசி ஒன்றும் விளங்கவில்லை. அக்காவின் பேர் பட்டியலில் இன்னும் இருந்தது, கட்டம் மட்டும் இல்லை. மிஸ் மெதுவாக, "இன்னைக்கு எடை சொல்லணும்னு கட்டாயமில்லம்மா. சும்மா உக்காருங்க. புது ஜோடியை மட்டும் பாருங்க, இது பௌசியா, காயல்பட்டினம்" என்றாள். ஓரத்துக் கட்டத்தில் முக்காடு போட்ட ஒரு சின்னப் பெண், கல்யாணமாகி ஒன்றிரண்டு வருஷம் இருக்கும், கேமராவைப் பார்க்காமல் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இல்ல மிஸ், சொல்லுதேன்" என்றாள் மெட்டில்டா. குரல் பெரிதாக வந்துவிட்டது, கடைக்கு வெளியே பால் வாங்க வந்த ஆள்கூட எட்டிப் பார்த்தான். "எண்பத்தி நாலு. மருந்துக் கடை மாடியில நீங்க என் காதுல சொன்ன அதே எண்பத்தி நாலு. நான் இறங்கவே இல்லை. கடைசியா நின்னப்ப எங்க அக்காவும் எண்பத்தி நாலுதான். ஏழு கிலோவும் அவ இறக்கினது. மாடியில நடந்திருக்கா, எனக்கும் சேர்த்து. என் பேர்ல பாதி போட்டிருப்பீங்கல்லா, அதை அடிச்சிட்டு முழுசையும் ஜெனோவான்னு எழுதுங்க." மிஸ் கண்ணாடியைச் சரிசெய்தாள். "அம்மா, அவங்க... இப்ப எழுதி..." "எழுதுங்க மிஸ். குறைச்சவ பேர்ல இருக்கட்டும்." மிஸ் குனிந்து எதையோ தட்டுவது தெரிந்தது. நிமிர்ந்தபோது கண்ணாடியைக் கழற்றியிருந்தாள். கோவில்பட்டி அம்மாதான் முதலில் கையைத் தூக்கினாள். பிறகு கட்டம் கட்டமாக, சத்தமில்லாமல், கைகள். போன தடவை தலையைக் குனிந்தவள் இந்தத் தடவை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள், இது தனக்கு இல்லை என்பதால் ஒன்று விடாமல் பார்க்க வேண்டியிருந்தது.

"ஏ பௌசியா, கேக்குதாம்மா?" "கேக்குது... மாமி." முறை வைத்துக் கூப்பிட்டுவிட்டது பிள்ளை. "மாமி, எனக்கு லாக்டவுன்ல ரொம்ப ஏறிப்போச்சு. குழந்தை வேணும்னா இறக்கணும்னு டாக்டரம்மா சொல்றாங்க. உங்களோட கூட்டிச் சொன்னா என்னால உங்களுக்கு அசிங்கமாயிரும்." "உனக்கு என்னால ஆவும், நான் ரஸ்க் தின்னி" என்றாள் மெட்டில்டா. பௌசியா முக்காட்டுக்குள் சிரித்தாள், முதல் தடவையாகக் கேமராவைப் பார்த்தாள். "கூட்டியே சொல்லுவோம். ஆனா எனக்கு ஒரு வாக்குக் கொடு. நீ எவ்வளவு, நான் எவ்வளவுன்னு நம்ம ரெண்டு பேருக்குள்ள தெரியணும். மறைக்கக் கூடாது. என் பங்கை நீ நடக்கக் கூடாது, உன் பங்கை நான் நடக்க மாட்டேன். சரியா?" "சரி மாமி." "இப்ப எவ்வளவு நீ?" பௌசியா மைக்கை அணைத்தாள். எல்லாரையும் விட்டு மெட்டில்டாவுக்கு மட்டும் ஒரு மெசேஜ் வந்தது, வெறும் நம்பர். மெட்டில்டா அதைப் பார்த்துவிட்டு முகத்தில் எதையும் காட்டாமல், "அதுக்கென்ன" என்றாள்.

போனை அணைத்தபோது கஸ்பார் தராசு மேல் சர்க்கரை மூட்டையைத் திரும்ப ஏற்றிக்கொண்டிருந்தார். வெயில் ஷட்டருக்கு அடியில் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. அவள் நேராக அடுப்படிக்குப் போகவில்லை. பின்கட்டுக் கதவைத் திறந்தாள், மொட்டைமாடிப் படிக்கட்டு. கடைசியாக இதில் ஏறியது ஷெரின் கல்யாணத்துக்கு வடாம் போட்டபோது. ஒவ்வொரு படியும் ஒரு ஆள் மாதிரி குறுக்கே உட்கார்ந்திருக்கிறது. மாடியில் போய் நின்றால் அக்கா வீட்டு மாடி தெரியும், அங்கே கொடிக்கயிறு இருக்கும், வெள்ளைத் துண்டு இருக்காது, அதைப் பார்க்கத் தாங்குமா. தாங்கவேண்டும். சந்தனக் கலர் ஜாக்கெட்டையும் இன்றைக்கு முடித்துவிட வேண்டும். எந்த அளவுக்குப் பிடிக்க வேண்டும் என்று இப்போது தெரியும், தன் அளவுதான். முடித்து, போட்டுக்கொள்ள வேண்டும். சுவரைப் பிடித்தாள். இடது காலை ஊன்றி, வலது காலைத் தூக்கி வைத்து, மூட்டு கத்தியது, இன்னொரு காலையும் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்தாள். ஜெபமாலை இன்னும் மணிக்கட்டில்தான் இருந்தது, நின்றுபோன இரண்டாவது ரகசியத்தில். அங்கிருந்தே பிடித்துக்கொள்ளலாம், படிக்கு ஒரு அருள் நிறை மந்திரம்.

"ஏட்டி, எங்க போற?" கடைக்குள்ளிருந்து கஸ்பாரின் குரல்.

"மாடிக்கு."

"முழங்காலு?"

"அதையும் கூட்டிட்டுத்தான் போறேன்" என்றாள் மெட்டில்டா. அடுத்த படியில் காலை வைத்தாள்.